கிராஃபீன் மேல் கரிம மூலக்கூறுகளை ஏற்றுவது எப்படி? ஆய்வகத்தில் இறங்குகிறவர்களுக்கு

கிராஃபீனை (ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) வைத்து ஏதாவது சாதனம் செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் சீக்கிரமே முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான். மின்சாரம் பிரமாதமாக ஓடுகிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை. எலெக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டையும் அவை ஓடும் கடத்துப் பட்டையும் டிராக் புள்ளி என்ற ஆற்றல் மட்டத்தில் தொட்டுக்கொண்டு நிற்பதால் நடுவில் ஆற்றல் இடைவெளியே கிடையாது. கேட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனை) எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் அறை வெப்பநிலையில் ஆன் மின்னோட்டத்துக்கும் ஆஃப் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் பத்தைத் தாண்டாது. அதுவும் போதாதென்று, காற்றில் கிடக்கும் கிராஃபீன் ஈரத்தையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு தானாகவே துளைகள் (எலெக்ட்ரான் இல்லாத, நேர்மின்சுமை போல நடக்கும் காலியிடங்கள்) மிகுந்ததாக மாறிவிடும்.

இதற்கு மருந்தாகக் கரிம மூலக்கூறுகளை மேலே ஏற்றலாம். வேலை செய்யும் வழிதான். எந்த மூலக்கூறு, எப்படி ஏற்றுவது, ஏறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் எல்லாக் குழப்பமும். சிவிடி முறையில் (வாயுவிலிருந்து படிய வைப்பது) தாமிரத்தின் மேல் வளர்த்து, சிலிக்கான் டைஆக்சைடு பூசிய சில்லுக்கு மாற்றிய ஒற்றை அடுக்கு கிராஃபீன், ஒரு ராமன் கருவி (சிதறும் லேசர் ஒளியை அளப்பது), ஒரு புரோப் ஸ்டேஷன் (சில்லில் ஊசி வைத்து மின்சாரம் அளப்பது), நச்சுப் புகையை ஒழுங்காக இழுக்கும் ஒரு ஃபியூம் ஹூட், இவ்வளவும் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு என்ன வேண்டும்?

"கிராஃபீனின் மின்னணுப் பண்பை மாற்ற வேண்டும்" என்று சொல்பவர்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஒன்று, ஃபெர்மி மட்டத்தை (எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லை) மேலேயோ கீழேயோ நகர்த்துவது, அதாவது எலெக்ட்ரானையோ துளையையோ கூட்டுவது. டோப்பிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இரண்டு, ஆற்றல் இடைவெளி திறப்பது. முதலாவதுக்கு மூலக்கூறு கிராஃபீன் மேல் சும்மா படுத்துக் கிடந்தாலே போதும். இரண்டாவதுக்குப் பொதுவாகச் சகப்பிணைப்பு, அதாவது கார்பனோடு எலெக்ட்ரான் பங்கிட்டுக் கட்டும் வேதிப்பிணைப்பு, போட வேண்டும், போட்டாலும் நினைத்தது கிடைக்கும் என்று உறுதியில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் கணிப்பில், இடைவெளி வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் வேண்டியது டோப்பிங்தான். ஒளி ஊடுருவும் மின்முனை, சோலார் செல், வாயு சென்சார், உயிரி சென்சார் எதற்கும் இடைவெளி தேவையில்லை. ஃபெர்மி மட்டம் சரியான இடத்தில் இருந்தால் போதும். தர்க்கச் சுற்றுக்கான டிரான்சிஸ்டர்தான் வேண்டும் என்றால் மட்டும் இடைவெளியைப் பற்றி யோசியுங்கள்.

சில எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு எல்லாம் சுலபம். கிராஃபீனில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 3.8×10¹⁵ கார்பன் அணுக்கள். மின்சுமை அடர்த்தி 10¹² என்றால் ஃபெர்மி மட்டம் டிராக் புள்ளியிலிருந்து சுமார் 0.12 எலெக்ட்ரான் வோல்ட் தள்ளியிருக்கும், 10¹³ என்றால் 0.37. அடர்த்தியின் வர்க்கமூலமாகத்தான் ஏறும் என்பதால், ஆரம்பத்தில் கொஞ்சம் டோப்பிங்கே நிறைய நகர்த்தும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் மெதுவாகத்தான் நகரும்.

சில்லைச் சுத்தம் செய்து, அளந்து வையுங்கள்

மூலக்கூறைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இந்த வேலை சலிப்பானது, எல்லோரும் தாண்டிப் போக நினைப்பது. தாண்டாதீர்கள். தாமிரத்திலிருந்து மாற்றும்போது பூசிய பிஎம்எம்ஏ பிளாஸ்டிக் அசிட்டோனில் முழுசாகக் கரைந்து போகாது, மெல்லிய எச்சம் ஒன்று தங்கிவிடும். அது தானே கிராஃபீனில் துளைகளைக் கூட்டும், வருகிற மூலக்கூறுக்கு இடமும் விடாது. வெற்றிடத்திலோ ஆர்கான்-ஹைட்ரஜன் கலவையிலோ 200 முதல் 300 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடுபடுத்தினால் பெருமளவு குறையும். முழுக்கப் போகாது. அதிகச் சூட்டில் வைத்தால் கிராஃபீன் அடித்தளத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, காற்றுக்கு வந்ததும் முன்பைவிடக் கூடுதலாகத் துளைகள் ஏறுவதும் உண்டு. ஆகவே ஒரே வெப்பநிலை, ஒரே நேரம் என்று எல்லாச் சில்லுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட முடியும்.

சுத்தம் செய்த கையோடு இரண்டு அளவீடு. ஒன்று ராமன், ஒரே புள்ளியில் இல்லாமல் பல இடங்களில். இன்னொன்று கேட் வோல்டேஜுக்கு எதிராக மின்தடை. தடை உச்சத்துக்குப் போகும் வோல்டேஜ்தான் டிராக் புள்ளி. 300 நானோமீட்டர் ஆக்சைடு என்றால் ஒவ்வொரு வோல்ட் நகர்வுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.2×10¹⁰ மின்சுமை என்று கணக்கு. டிராக் புள்ளி +10 வோல்ட்டிலிருந்து +60-க்குப் போனால் புதிதாக 3.6×10¹² துளைகள் வந்திருக்கின்றன, மொத்தம் 4.3×10¹², ஃபெர்மி மட்டம் டிராக் புள்ளிக்குக் கீழே சுமார் 0.24 எலெக்ட்ரான் வோல்ட்டில்.

இன்னொரு சில்லு, அதே தாளிலிருந்து வெட்டியது, அதற்கு எல்லாம் அப்படியே நடக்க வேண்டும், மூலக்கூறு மட்டும் இருக்கக் கூடாது. அதே கரைப்பானில் அதே நேரம் ஊற வேண்டும், அதே மாதிரி கழுவப்பட வேண்டும், அதே நைட்ரஜன் காற்றில் உலர வேண்டும். கரைப்பான் மட்டுமே டிராக் புள்ளியை நன்றாக நகர்த்தும் என்பதால் இந்த வெறும் சில்லு இல்லாத முடிவை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

பிணைப்பு இல்லாமல் ஏற்றுவது

எலெக்ட்ரானைப் பிடுங்கும் மூலக்கூறு வைத்தால் கிராஃபீனில் துளைகள் கூடும், எலெக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறு வைத்தால் எலெக்ட்ரான்கள் கூடும். பிடுங்குவதில் பேர்போனது எஃப்4-டிசிஎன்கியூ. இதன் எலெக்ட்ரான் நாட்டம் சுமார் 5.2 எலெக்ட்ரான் வோல்ட், கிராஃபீனின் வெளியேற்று ஆற்றலோ சுமார் 4.5, ஆகவே எலெக்ட்ரான் கிராஃபீனிலிருந்து மூலக்கூறுக்குப் போவதில் ஆச்சரியமில்லை. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால் உலர்ந்த கரைப்பானில் மில்லிமோலார் அளவில் கரைத்து, சில்லை அதில் ஊறவைத்து, சுத்தமான கரைப்பானில் ஒரே ஒரு தடவை முக்கி எடுத்து உலர்த்தலாம். அதிகம் கழுவினால் மூலக்கூறே போய்விடும், கழுவாமல் விட்டால் படிகங்கள் திட்டுத்திட்டாக நிற்கும். அந்த நடுவழியை உங்கள் கரைப்பானுக்கு நீங்களேதான் பிடிக்க வேண்டும். இது சிறிய மூலக்கூறு, சூட்டிலும் வெற்றிடத்திலும் சுலபமாக ஆவியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். சாதனத்தைப் பிறகு சூடுபடுத்தும் திட்டம் இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

எலெக்ட்ரான் கொடுக்கும் பக்கம் கொஞ்சம் கஷ்டம். நன்றாகக் கொடுக்கும் மூலக்கூறு காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கும் கொடுத்துவிடும். பாலிஎத்திலீன்இமின் மாதிரி அமீன் நிறைந்த பாலிமர் மலிவானது, சுழற்றிப் பூசலாம், தொடக்கத்துக்கு நல்லது. என்-டிஎம்பிஐ வகை பென்சிமிடசோல் சேர்மங்கள் அதைவிட வலுவாக நகர்த்தும். ஆரம்பத்தில் கிளவ் பாக்ஸுக்குள்ளேயே (காற்று புகாத பெட்டி) பூசி, உள்ளேயே அளந்து, அப்புறம் வெளியே கொண்டுவந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பாருங்கள். காற்றில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு அந்த வளைகோடுதான் பதில்.

டோப்பிங்கைவிட ஒரு கொக்கி வேண்டும் என்றால், அதாவது கிராஃபீன் மேல் ஆன்டிபாடியோ டிஎன்ஏ துண்டோ நிறுத்த வேண்டும் என்றால், பைரீன் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு, கிராஃபீன் மேல் பை எலெக்ட்ரான் ஈர்ப்பால் படுத்துக்கொள்ளும். அதன் வாலில் சக்சினிமிடைல் எஸ்டர் இருக்கும் பைரீன்பியூட்டனாயிக் அமில வடிவம் ரொம்பப் புழக்கத்தில் இருக்கிறது. டைமீத்தைல்ஃபார்மமைடிலோ மெத்தனாலிலோ சில மில்லிமோலார் கரைத்து ஓரிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் ஒரு படலம் வந்துவிடும். வாலில் இருக்கும் எஸ்டர் புரதத்தின் அமீனைப் பிடித்துக்கொள்ளும். எஸ்டர் தண்ணீரில் மெல்ல மெல்ல உடைந்துபோகும் என்பதால் அடுத்த படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு வழி, பலரும் மறந்துவிடுவது: மூலக்கூறைக் கிராஃபீனுக்கு மேலே வைக்காமல் கீழே வைப்பது. கிராஃபீனை மாற்றுவதற்கு முன்பே ஆக்சைடின் மேல் சிலேன் மூலக்கூறுகளால் ஒற்றைப் படலம் கட்டிவிடலாம். அமினோபுரோப்பைல் சிலேன் எலெக்ட்ரானைக் கூட்டும், ஃபுளூரின் சங்கிலி கொண்ட சிலேன் துளையைக் கூட்டும். ஆக்டாடெசில் சங்கிலி ஒன்றையும் கூட்டாமல், நீர் ஒட்டாத தளமாக மாற்றி, போகும்போது ஒரு வளைகோடும் வரும்போது வேறொரு வளைகோடுமாக வருகிற ஹிஸ்டெரிசிஸ் தொல்லையைக் குறைக்கும். மேல்பரப்பு வெறுமையாகவே இருக்கும், அது சென்சாருக்கு வசதி. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

சகப்பிணைப்பு போட்டு ஏற்றுவது

இங்கே வேதியியல் வேறு. கிராஃபீனின் கார்பன் ஒவ்வொன்றும் எஸ்பி2 இனக்கலப்பில் (மூன்று அண்டைகளோடு ஒரே தளத்தில் பிணைந்த நிலை) தட்டையாக இருக்கிறது. அதில் ஒன்றின் மேல் ஒரு பென்சீன் வகை வளையத்தை (அரைல் என்பது இதுதான்) கட்டினால் அந்தக் கார்பன் எஸ்பி3 (நான்கு பிணைப்புள்ள நிலை) ஆகி மேலே எழும்பும், அதன் பை எலெக்ட்ரான் கூட்டத்திலிருந்து விலகிவிடும். ஓடுகிற எலெக்ட்ரான்களுக்கு அந்த இடம் மோதுமிடம். ஆகவே மொபிலிட்டி (மின்சுமைகள் ஓடும் சுலபம்) விழும், கட்டாயம் விழும். விழாமல் சகப்பிணைப்பு போட்டேன் என்று யாராவது சொன்னால் பிணைப்பு விழுந்திருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

பரவலாகப் பயன்படுவது அரைல் டயசோனியம் உப்பு, குறிப்பாக 4-நைட்ரோபென்சீன்டயசோனியம் டெட்ராஃபுளூரோபோரேட். கிராஃபீன் ஒரு எலெக்ட்ரானை டயசோனியத்துக்குக் கொடுக்கும், அது நைட்ரஜன் வாயுவை விட்டுவிட்டு அரைல் ரேடிக்கலாக (இணை சேராத எலெக்ட்ரானோடு, எதையாவது பிடிக்கத் துடிக்கும் துண்டு) மாறும், அந்த ரேடிக்கல் கிராஃபீனின் கார்பனில் பிணையும். அசிட்டோநைட்ரைலில் 10 மில்லிமோலார் அளவுக்குக் கரைத்து, வெளிச்சம் படாமல், சில்லைப் போட்டுச் சில நிமிடங்களிலிருந்து பல மணி வரை வெவ்வேறு நேரங்களில் எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் சுத்தமான அசிட்டோநைட்ரைல், அப்புறம் அசிட்டோன், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று நிதானமாகக் கழுவுங்கள். சோனிகேட்டரில் மட்டும் போடாதீர்கள், கிராஃபீனே உரிந்து வந்துவிடும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக, ஆனால் இதைத் தாண்டக் கூடாது. உலர்ந்த டயசோனியம் குளோரைடு அடிபட்டாலோ சூடுபட்டாலோ வெடிக்கக் கூடியது. டெட்ராஃபுளூரோபோரேட் வடிவம் ஒப்பீட்டளவில் அடக்கமானது, அதற்காக அலட்சியம் வேண்டாம். மில்லிகிராம் கணக்கில் மட்டும் எடுங்கள், உலோகக் கரண்டியால் சுரண்டாதீர்கள், குளிரிலும் இருட்டிலும் வையுங்கள், மீந்த கரைசலை மூடிய குப்பியில் அடைக்காதீர்கள், ஏனென்றால் நைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும்.

இனி நுணுக்கமான இடம். எதிர்வினை கிராஃபீன் எலெக்ட்ரானைக் கொடுப்பதில் தொடங்குகிறது, ஆகவே எலெக்ட்ரான் மிகுந்த கிராஃபீன் வேகமாகவும் துளை மிகுந்தது மெதுவாகவும் வினைபுரியும். அடித்தளம் மாறினால் வேகம் மாறுவது இதனால்தான். வெறும் சிலிக்கான் டைஆக்சைடின் மேல், அதிலும் பிளாஸ்மாவால் சுத்தம் செய்ததன் மேல், மின்சுமை திட்டுத்திட்டாகக் கிடப்பதால் எலெக்ட்ரான் மிகுந்த திட்டுகளில் வினை ஓடும். அறுகோண போரான் நைட்ரைடின் மேலோ ஆக்டாடெசில் படலத்தின் மேலோ அந்தத் திட்டுகள் குறைவு, வினையும் குறைவு. ஒற்றை அடுக்கு இரட்டை அடுக்கைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக வினைபுரியும், ஓரங்கள் நடுவைவிட வேகம். இதையெல்லாம் சொல்வது ஏன் என்றால், ஒரு சில்லில் பத்து நிமிடத்தில் வந்தது இன்னொரு சில்லில் ஒரு மணியானாலும் வரவில்லை என்றால் உப்பைச் சந்தேகிக்கும் முன்பு அடித்தளத்தையும் பிஎம்எம்ஏ எச்சத்தையும் சந்தேகியுங்கள். பின்புறக் கேட்டில் வோல்டேஜ் கொடுத்தும் ஃபெர்மி மட்டத்தை ஏற்றி இறக்கலாம், வினை வேகமும் கூடவே மாறும்.

அடுத்த தொல்லை, ரேடிக்கல் கிராஃபீனை விட்டுவிட்டு ஏற்கனவே பிணைந்த வளையத்தின் மேலேயே ஏறிக்கொள்வது. கொஞ்ச நேரத்தில் ஒற்றைப் படலத்துக்குப் பதிலாகச் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு பிசின் மாதிரி வளர்ந்து நிற்கும். அணுவிசை நுண்ணோக்கியில் உயரத்தைப் பாருங்கள், ஒரு நானோமீட்டர் அளவில் இருந்தால் சரி, மூன்று நான்கு என்று போனால் அடுக்கு மேல் அடுக்கு. வளையத்தின் 3, 5 இடங்களில் பருத்த டெர்ட்-பியூட்டைல் தொகுதிகளை வைத்த டயசோனியம் எடுத்தால் அடுத்த ரேடிக்கலுக்கு ஒட்ட இடம் கிடைக்காது, ஒற்றைப் படலத்தோடு நின்றுவிடும்.

ராமனில் என்ன பார்ப்பது

பச்சை லேசர், 532 நானோமீட்டர், சக்தி ஒரு மில்லிவாட்டுக்குள். அதிகம் கொடுத்தால் நீங்கள் ஏற்றிய மூலக்கூறை நீங்களே எரித்துவிடுவீர்கள். மூன்று சிகரங்கள்: 1,350 அருகே டி, 1,582 அருகே ஜி, 2,700 அருகே 2டி, எல்லாம் செ.மீ.⁻¹ அலகில்.

டி சிகரம் எழுந்தால் பிணைப்பு விழுந்திருக்கிறது. டி எழாமல் ஜி மட்டும் மேலே நகர்ந்து ஒல்லியானால் அது டோப்பிங், மூலக்கூறு சும்மா ஒட்டிக் கிடக்கிறது. டயசோனியம் உப்பு கழுவப்படாமல் ஒட்டிக் கிடந்தாலும் எலெக்ட்ரானைப் பிடுங்கி ஜியை நகர்த்தும் என்பதால், ஜி நகர்ந்ததை வைத்து வினை நடந்தது என்று சொல்லிவிட முடியாது. துளை கூடினால் ஜி, 2டி இரண்டும் மேலே போகும். எலெக்ட்ரான் மிகுந்தால் ஜி மேலே போகும், 2டி தயங்கி நின்று பிறகு கீழே இறங்கும். எது துளை, எது எலெக்ட்ரான் என்று பிரிப்பது இதை வைத்துத்தான். இதைக் கேட் போட்டு ஒழுங்காக அளந்து 2008-இல் வெளியிட்ட குழுக்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஏ.கே. சூட் குழுவும் ஒன்று. இழுவிசையும் சிகரங்களை நகர்த்தும். துளை டோப்பிங்கில் ஜி ஒரு அலகு நகர்ந்தால் 2டி சுமார் 0.7 நகரும், இழுவிசை என்றால் 2-க்கும் மேல் நகரும், ஆகவே இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றாக வரைந்தால் பிரித்துவிடலாம்.

டிக்கும் ஜிக்கும் உள்ள விகிதத்திலிருந்து எத்தனை இடத்தில் பிணைப்பு என்று கணிக்கலாம். 532 லேசரில், குறைகள் (பிணைப்பு விழுந்து தாள் கெட்ட இடங்கள்) பத்து நானோமீட்டருக்கு மேல் தள்ளித்தள்ளி இருக்கும்வரை, விகிதம் 1 என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.2×10¹¹ இடங்கள். பதினேழாயிரம் கார்பனுக்கு ஒன்று! அவ்வளவு நுட்பமான கருவி. ஆனால் குறைகள் மூன்று நான்கு நானோமீட்டர் நெருக்கத்துக்கு வந்ததும் விகிதம் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி இறங்கத் தொடங்கும். அந்த நிலையே ஆயிரம் கார்பனுக்கு ஒன்று என்கிற அளவுதான். ஆகவே நேரத்தைக் கூட்டக் கூட்ட விகிதம் குறைகிறது என்றால் மூலக்கூறு கழன்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். சிகரங்கள் அகன்று 2டி மங்கினால் நீங்கள் மறுபக்கச் சரிவில் இருக்கிறீர்கள்.

ராமன் எங்கே பிணைப்பு என்று சொல்லும், எந்த மூலக்கூறு என்று சொல்லாது. அதற்கு எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பது). நைட்ரோ தொகுதியின் நைட்ரஜன் சிகரம் 406 எலெக்ட்ரான் வோல்ட் அருகே வரும். எக்ஸ்-கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் நைட்ரோ அமீனாக மாறி 400 அருகே போய்விடும் என்பதால் நைட்ரஜனை முதலில் அளந்துவிட்டு மற்றதை அப்புறம் அளக்கவும்.

இடைவெளி நிஜமாகவே வேண்டும் என்றால்

டயசோனியம் ஏற்றிய கிராஃபீனில் தடை ஏறும், குளிரவைத்தால் இன்னும் ஏறும், பார்ப்பதற்குக் குறைகடத்தி மாதிரியே இருக்கும். அதை ஆற்றல் இடைவெளி என்று எழுத அவசரப்படாதீர்கள். வளையங்கள் கண்டபடி விழுந்திருப்பதால் எலெக்ட்ரான்கள் அங்கங்கே சிக்கி, தாவித்தாவிப் போகின்றன, அதனாலும் தடை அப்படித்தான் ஏறும். சுத்தமான இடைவெளிக்குப் பிணைப்புகள் ஒழுங்கான வடிவத்தில் விழ வேண்டும். இரிடியம் படிகத்தின் மேல் கிராஃபீன் தானாகக் காட்டும் அலைவடிவத்தை அச்சாக வைத்து ஹைட்ரஜனை ஏற்றியபோது குறைந்தது 0.45 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி திறந்ததை 2010-இல் காட்டினார்கள். கரிம மூலக்கூறில் அந்த ஒழுங்கைக் கொண்டுவருவது இன்னும் கடினம்.

எளிதான மாற்று, இரட்டை அடுக்கு கிராஃபீன். மேலே எலெக்ட்ரானைப் பிடுங்குவது, கீழே கொடுப்பது என்று இரண்டு பக்கமும் எதிரெதிரான மூலக்கூறு வைத்தால் நடுவில் மின்புலம் உண்டாகி இடைவெளி திறக்கும், கார்பன் ஒன்றையும் கெடுக்காமல். கேட் வைத்துச் செய்த சோதனைகளில் 0.25 எலெக்ட்ரான் வோல்ட் வரை போயிருக்கிறது, மூலக்கூறு மட்டும் வைத்தால் அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும் என்றால் தாளை மாற்றப் பார்க்காமல், டைபுரோமோபைஆந்த்ரில் மாதிரி மூலக்கூறுகளைத் தங்கத்தின் மேல் கோத்து மெல்லிய கிராஃபீன் ரிப்பனாகவே வளர்க்கும் வழிக்குப் போங்கள்.

கடைசியாக, திரும்பப் பெறுவது

ஏற்றியதை இறக்கவும் முடியும் என்று காட்டினால் உங்கள் முடிவுக்கு வலு கூடும். ஒட்டிக் கிடக்கும் மூலக்கூறுகள் பெரும்பாலும் கரைப்பானிலோ வெற்றிடச் சூட்டிலோ போய்விடும், டிராக் புள்ளி பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அரைல் வளையங்களுக்கு ஆர்கானில் சில நூறு டிகிரி சூடு வேண்டும், சூடு ஏற ஏற டி சிகரம் குறைந்துகொண்டே வரும். அடியோடு மறையவில்லை என்றால், மிச்சம் இருப்பது பிணைப்பா அல்லது சூட்டில் உண்டான ஓட்டையா என்று வெறும் சில்லையும் அதே அடுப்பில் வைத்து ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.